பெயரைக் கொடுப்பவருக்கும் பொறுப்பு உண்டு

பெங்களூரு மணிப்பால் மருத்துவமனையின் புற்றுநோய் மையத்தில் 638 மார்பகப் புற்றுநோயாளிகளின் விவரங்களை ஐபிஎம் நிறுவனத்தின் ‘வாட்சன் ஃபார் ஆன்காலஜி’ என்ற மென்பொருளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். மென்பொருள் பரிந்துரைத்த சிகிச்சையையும் மருத்துவர் குழு எடுத்த முடிவையும் ஒப்பிட்டபோது 93 சதவீதம் ஒத்துப்போனது. 2018-ல் ‘அன்னல்ஸ் ஆஃப் ஆன்காலஜி’ இதழில் வெளிவந்த அந்தக் கட்டுரையைப் பொறுமையாகப் படித்தால் வேறு சில விவரங்களும் தெரியவரும். முதலில் ஒத்துப்போகாத நோயாளிகளின் விவரங்களை மருத்துவர்கள் மறுபடியும் பரிசீலித்த பிறகு கிடைத்த எண் அது. நோயின் முதல் நிலையிலும் நான்காம் நிலையிலும் இருந்தவர்களுக்கு ஒப்புமை குறைவாகவே இருந்தது. கட்டுரையை எழுதியவர்களில் ஐபிஎம் ஊழியர்களும் உண்டு.

கட்டுரையை விட்டு வெளியே வந்ததும் இந்த விவரங்களெல்லாம் உதிர்ந்துவிடுகின்றன. 93 என்ற எண் மட்டும் விற்பனைக் கூட்டங்களுக்கும் செய்தித் தலைப்புகளுக்கும் போய்ச் சேர்கிறது. அந்த எண் எதை அளந்தது என்று கேட்பவர்கள் குறைவு. மருத்துவரும் மென்பொருளும் ஒரே சிகிச்சையைச் சொன்னார்களா என்பதைத்தான் அது அளந்தது. நோயாளி குணமடைந்தாரா, கூடுதல் நாள் வாழ்ந்தாரா என்பது அதில் இல்லை. தென் கொரியாவின் கச்சோன் பல்கலைக்கழக மருத்துவமனையில் பெருங்குடல் புற்றுநோயாளிகளைக் கொண்டு இதே மென்பொருளைச் சோதித்தபோது ஒப்புமை 49 சதவீதத்துக்கு அருகில்தான் நின்றது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மையம் 2013-ல் பெரிய அறிவிப்போடு ஐபிஎம் நிறுவனத்துடன் சேர்ந்து வாட்சன் அடிப்படையில் தனியாக ஒரு கருவியை உருவாக்க முற்பட்டது. சுமார் 62 மில்லியன் டாலர் செலவான பிறகும் அது நோயாளிகளின் அன்றாடச் சிகிச்சைக்கு வரவில்லை என்பது, பல்கலைக்கழகத்தின் தணிக்கை அறிக்கை வெளியான பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. 2022-ல் ஐபிஎம் தன் வாட்சன் ஹெல்த் பிரிவின் சொத்துகளை விற்பதாக அறிவித்தது.

தொடங்கும்போது வந்த அறிவிப்பு உலகம் முழுக்கப் போனது. முடிந்தபோது வந்தது தணிக்கையாளரின் அறிக்கை. முதலாவதைப் படித்துவிட்டு வாங்க நினைத்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைப் படித்திருப்பார்கள்?

ஒரு நிறுவனத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. தொழில்நுட்பப் பொருளை விற்பவர்கள், வாங்கியவர்கள், வாங்கப்போகிறவர்கள், இடையில் செய்தி எழுதும் நாம், ஒப்பந்தப்புள்ளி கோரும் அரசு என எல்லோருமாகச் சேர்ந்து ஒரு வழக்கத்தை வளர்த்துவிட்டோம். வாங்கிய அன்றே வெற்றி என்று அறிவிக்கிறோம். தயாராகும் முன்பே கிடைக்கிறது என்று சொல்கிறோம். எல்லோரும் சேர்ந்து வளர்த்ததை எல்லோரும் சேர்ந்துதான் சரிசெய்ய முடியும்.

இந்தப் பிரச்சினை அதிகம் சுடுவது பெரிய நிறுவனங்களை அல்ல. சென்னை ஓஎம்ஆர் சாலையில் இருக்கும் பெரிய நிறுவனத்துக்கு மென்பொருளைச் சோதித்துப் பார்க்கத் தனிக் குழு உண்டு, ஒப்பந்தத்தைப் படிக்க வழக்கறிஞர் உண்டு. திருப்பூரில் 80 தையல் மெஷின் ஓட்டுகிறவருக்கும், நாகர்கோவிலில் 30 படுக்கை மருத்துவமனை நடத்துகிற டாக்டருக்கும், கிராமத்துச் சுயநிதிக் கல்லூரியின் செயலாளருக்கும் அந்த வசதி கிடையாது. “உங்க பக்கத்து யூனிட்லயே ஓடுது சார், வேணும்னா கேட்டுப் பாருங்க” என்ற ஒரு வாக்கியத்தை நம்பித்தான் அவர்கள் பல லட்சம் ரூபாய்க்குச் செக் எழுதுகிறார்கள். பெண் கொடுக்கப்போகிறவர்கள் மாப்பிள்ளையைப் பற்றித் தெருவில் நாலு பேரிடம் விசாரிப்பார்கள். அந்த நாலு பேர் யார் என்பதை மாப்பிள்ளை வீட்டாரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் எப்படியிருக்கும்? விற்பவர் தரும் ‘ரெஃபரன்ஸ்’ பட்டியல் அப்படிப்பட்டதுதான்.

அந்தப் பட்டியலில் ஒரு பெயர் எப்படி ஏறுகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். மென்பொருள் பயன்பாட்டுக்கு வரும், அதாவது ‘கோ-லைவ்’ ஆகும் அன்று சின்ன விழா நடக்கும். முதலாளிக்குச் சால்வை போர்த்தி, கணினித் திரையை நோக்கி நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். ஓரிரு நாளில் விற்பவரின் மார்க்கெட்டிங் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். முதலாளி சொன்னதாக நாலு வரி அதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். ‘சரியென்றால் ஓகே போடுங்கள்’ என்று கேட்டிருப்பார்கள். பெயரையும் லோகோவையும் பயன்படுத்திக்கொள்ள அனுமதித்தால் விலையில் தள்ளுபடி என்ற பேச்சும் பல நேரங்களில் முன்பே முடிந்திருக்கும். முதலாளி ஓகே போடுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. அன்றைய தேதியில் அவருக்கு நம்பிக்கை இருக்கிறது.

மென்பொருளுக்கு உண்மையான சோதனை அதற்குப் பிறகு வருகிறது. பனியன் தொழிலில் துணி நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கு எடைக்கணக்கில் போகும். சாயம் ஏறி, காயவைத்து, காம்பாக்டிங் முடிந்து திரும்பும்போது எடை குறைந்திருக்கும். எவ்வளவு குறையலாம் என்பது நூலின் ரகத்தையும் நிறத்தையும் பொறுத்தது. கட்டிங் மேஜைக்கு வந்ததும் கிலோ போய்ப் பீஸ் கணக்கு தொடங்கிவிடும். ஜாப்-ஒர்க் டெலிவரி சலான் ஒரு கணக்கு, ஜிஎஸ்டி ஒரு கணக்கு, ஏற்றுமதி பேக்கிங் லிஸ்ட் ஒரு கணக்கு. வேறு தொழிலுக்காக எழுதிய மென்பொருள் இந்த எடை இழப்பைத் திருட்டென்றோ பிழையென்றோ எடுத்துக்கொண்டு சிவப்பில் காட்டும். மூன்றாவது மாதம் அக்கவுண்டண்ட் பழையபடி நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்துவிடுவார். இரவு உட்கார்ந்து அதையே எக்ஸெல்லிலும், பிறகு ‘டாலி’யிலும், கடைசியாகப் புது மென்பொருளிலும் ஏற்றுவார். வேலை குறையும் என்று வாங்கிய பொருளால் ஒரு மனிதரின் வேலை பல மடங்காகியிருக்கும். அதே வேளையில், ‘நிட்டிங் முதல் பேக்கிங் வரை ஒரே திரையில்’ என்று முதலாளியின் படத்தோடு அச்சடித்த வழவழப்பான தாளை கோயம்புத்தூர் கொடிசியா கண்காட்சி அரங்கில் வேறொருவர் கையில் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

முதலாளி ஏன் வாய் திறப்பதில்லை? காரணங்கள் புரிந்துகொள்ளக் கூடியவைதான். பணம் போய்விட்டது. தேர்வு செய்தது தன் மகனாக இருக்கலாம், பல வருடம் கூட இருக்கும் மேனேஜராக இருக்கலாம். பராமரிப்புக்கு இன்னும் அதே ஆட்களைத்தான் கூப்பிட வேண்டும், பகைத்துக்கொள்ள முடியாது. இவை எல்லாவற்றையும் விட, ஏமாந்தவன் என்ற பெயரைச் சந்தையில் எடுக்க யாருக்கும் விருப்பமில்லை. இந்த மௌனத்தின் மேல்தான் அடுத்தவர் செக் எழுதுகிறார்.

இந்த மௌனம் எல்லை மீறினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பிரிட்டனில் சாட்சி இருக்கிறது. அங்குள்ள அஞ்சல் நிறுவனம் 1999 முதல் தன் கிளைகளில் ‘ஹொரைசன்’ என்ற கணக்குமுறையை நிறுவியது. அதை வழங்கியது ஃபுஜித்சு. கணக்கில் பணம் குறைவதாக அந்த முறை காட்டியபோதெல்லாம் கிளையை நடத்தியவர்தான் எடுத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். 900-க்கு மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். பலர் சிறைக்குப் போனார்கள், பலர் வீட்டை விற்றார்கள். மென்பொருள் உறுதியானது என்று அதை வாங்கிய நிறுவனமே ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது. ஆலன் பேட்ஸ் என்ற முன்னாள் கிளை நடத்துநர் 555 பேரைத் திரட்டித் தொடுத்த வழக்கில், அது அப்படிப்பட்டதல்ல என்று 2019-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொடக்க காலத்திலிருந்தே பிழைகள் இருந்தது தெரியும் என்று 2024 ஜனவரியில் ஃபுஜித்சுவின் ஐரோப்பியத் தலைவர் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு தனிச் சட்டம் இயற்றித் தண்டனைகளை ரத்து செய்தார்கள். விற்றவரும் வாங்கியவரும் ஒருவர் மானத்தை இன்னொருவர் காப்பாற்றிக்கொண்டார்கள். நடுவில் இருந்த எளிய மனிதர்கள் அழிந்தார்கள்.

அடுத்தவர் பெயரைத் திருடிக்கொள்வதும் நடந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனைக் கருவி செய்வதாகச் சொன்ன தெரானோஸ் நிறுவனத்தின் எலிசபெத் ஹோம்ஸ், தன் நிறுவனம் தயாரித்த அறிக்கையில் ஃபைசர் நிறுவனத்தின் லோகோவைத் தானே சேர்த்ததை 2021-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அந்த அறிக்கை வால்கிரீன்ஸ் மருந்துக் கடை நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காக அவர் சிறை சென்றார். ஆனால், லோகோ திருட்டு அபூர்வம். நாள்தோறும் நடப்பது, மனமுவந்து கொடுத்த லோகோ காலாவதியான பிறகும் சுவரில் தொங்கிக்கொண்டிருப்பது.

இதைச் சரிசெய்ய எங்கிருந்து தொடங்குவது? நம் நாட்டில் ஏற்கெனவே ஒரு துறைக்கு வழி வகுத்திருக்கிறார்கள். நீட், ஐஐடி, சிவில் சர்வீஸ் பயிற்சி மையங்களின் விளம்பரப் பலகைகளில் ஒரே மாணவரின் படம் இரண்டு மூன்று மையங்களின் பெயரில் சிரிப்பதைப் பார்க்காதவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பல மையங்களுக்கு அபராதம் விதித்தது. 2024 நவம்பரில் அந்தத் துறைக்கென வழிகாட்டு நெறிகளையே வெளியிட்டது. அதன்படி மாணவரின் பெயரையும் படத்தையும் பயன்படுத்த எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தைத் தேர்ச்சி பெற்ற பிறகே வாங்க வேண்டும். அவர் எந்தப் பாடத்திட்டத்தில் சேர்ந்தார், பணம் கட்டிப் படித்தாரா என்பதையும் சொல்ல வேண்டும். நேர்முகத் தேர்வுக்கான சில நாள் இலவசப் பயிற்சிக்கு வந்தவரை இரண்டு வருடம் தாங்களே உருவாக்கியதாகக் காட்டிக்கொள்ள இனி வழியில்லை.

இதே ஒழுங்கைத் தொழில்நுட்பச் சந்தைக்கும் கொண்டுவர முடியும். வாடிக்கையாளரின் சம்மதத்தை விழா நாளில் வாங்காமல், ஒரு கணக்காண்டு முடிந்த பிறகு வாங்கட்டும். அவர் எந்தப் பகுதியைப் பயன்படுத்துகிறார், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், எந்தத் தேதி வரைக்கும் இந்தத் தகவல் சரி, தள்ளுபடியோ வேறு சலுகையோ கைமாறியதா என்பதை அதே தாளில் அதே அளவு எழுத்தில் போடட்டும். பயன்படுத்துவதை நிறுத்திவிட்டால் பெயரை எடுத்துவிட வேண்டும்.

சட்டத்தின் அடித்தளம் ஓரளவு போடப்பட்டிருக்கிறது. தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிகள், ஒரு பொருளைப் பரிந்துரைக்கும் தனிநபரோ நிறுவனமோ தமது உண்மையான, அண்மைக்கால அபிப்பிராயத்தைத்தான் சொல்ல வேண்டும் என்கின்றன. போதிய தகவலோ அனுபவமோ அதற்கு அடிப்படையாக இருக்க வேண்டும். கொடுக்கல் வாங்கல் இருந்தால் அதை வெளிப்படுத்த வேண்டும். மீறினால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை. ஆனால் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்குகிறவரைப் பொதுவாக நுகர்வோர் என்று ஏற்பதில்லை. சுயதொழிலில் பிழைப்பு நடத்துகிறவருக்கு மட்டுமே விலக்கு. செல்போன் வாங்கிய கல்லூரி மாணவர் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 20 லட்சம் கொடுத்து மென்பொருள் வாங்கிய பனியன் கம்பெனி, ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை வைத்துச் சிவில் வழக்குதான் போட வேண்டும். அந்த ஒப்பந்தத்தை எழுதியவரோ விற்றவர். எனவே சட்டம் எட்டாத இந்த இடத்தைத் தொழில் அமைப்புகள்தான் நிரப்ப வேண்டும்.

‘கிடைக்கிறது’ என்ற அறிவிப்புக்கும் இதே கவனம் தேவை. 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என்று 2016 பிப்ரவரியில் நொய்டாவிலிருந்து ரிங்கிங் பெல்ஸ் என்ற நிறுவனம் முழுப்பக்க விளம்பரம் கொடுத்ததை மறந்திருக்க மாட்டோம். ‘ஃப்ரீடம் 251’ என்ற அந்த போனுக்குப் பதிவு செய்ய மக்கள் முண்டியடித்ததில் இணையதளமே முடங்கியது. பத்திரிகையாளர்கள் கைக்கு வந்த மாதிரி போனில் ‘ஆட்காம்’ என்ற வேறொரு நிறுவனத்தின் பெயரை வெள்ளை மை தடவி மறைத்திருந்தார்கள். நகத்தால் சுரண்டினால் பெயர் தெரிந்தது. அந்த விவரமும் செய்தியாக வந்தது. ஆனாலும் அதற்கு முன்பே விளம்பரத்தை வாங்கி முதல் பக்கத்தில் போட்டாகிவிட்டது. பத்திரிகைத் துறையில் இருக்கும் நமக்கு இதில் படிக்க வேண்டிய பாடம் உண்டு.

அது சின்ன நிறுவனம் செய்த வேலை என்று ஒதுக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸை 1983 நவம்பரில் அறிவித்தது. கடைக்கு வந்தது 1985 நவம்பரில். ஆப்பிள் நிறுவனம் 2024-ல் செயற்கை நுண்ணறிவு வசதிகளை முன்வைத்து ஐபோனை விளம்பரம் செய்தது. அதில் ‘இப்போதே கிடைக்கிறது’ என்ற சொற்களைத் திருத்தவோ நீக்கவோ வேண்டும் என்று அமெரிக்காவின் விளம்பரத் தற்கட்டுப்பாட்டு அமைப்பு 2025 ஏப்ரலில் பரிந்துரைத்தது. போன் விற்பனைக்கு வந்த அன்று அந்த வசதிகள் வரவில்லை, பிறகு தவணை தவணையாகத்தான் வந்தன. புதுப்பொலிவுடன் வருவதாகச் சொன்ன ‘சிரி’ என்ற குரல்வழி உதவியாளர் தள்ளிப்போனதாக நிறுவனமே மார்ச்சில் அறிவித்திருந்தது.

நம் மண்ணிலும் உதாரணம் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா எலெக்ட்ரிக், தன் முதல் ஸ்கூட்டரை 2021 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகப்படுத்தியது. அக்டோபரில் தொடங்கும் என்ற டெலிவரி டிசம்பருக்குப் போனது. அறிமுகத்தின்போது காட்டிய வசதிகளில் சில, மென்பொருள் அப்டேட்டாக அடுத்த ஆண்டுதான் வந்தன. ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு 10,644 புகார்கள் வந்திருப்பதாகச் சொல்லி 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது, 99.1 சதவீதம் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் சொன்னது. நம் மாநிலத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்யும் தொழிற்சாலை அது. அதன் பெயர் நிலைக்க வேண்டும் என்ற அக்கறை நமக்கு இருக்கிறது. அதனாலேயே சொல்லும் தேதியும் கொடுக்கும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்கவும் உரிமை இருக்கிறது.

முந்திச் சொல்வது விற்பவரையே கவிழ்த்துவிடும் என்பதற்கு உலகம் முழுக்கச் சொல்லும் கதை ஒன்று உண்டு. அதன் நாயகன் திருவண்ணாமலையில் வளர்ந்த பையன். ரமணரின் அடியவராக அங்கே தங்கிய ஆர்தர் ஆஸ்போர்னின் மகன் ஆடம் ஆஸ்போர்ன். அமெரிக்கா போய் 1981-ல், கையில் தூக்கிச் செல்லத்தக்க கணினியை 1,795 டாலருக்கு விற்று வெற்றி கண்டார். அடுத்த மாடல் வரப்போகிறது என்று 1983-ல் முன்கூட்டியே பேச ஆரம்பித்ததும், இருக்கும் மாடலை வாங்குவதை மக்கள் நிறுத்திக்கொண்டார்கள் என்றும், செப்டம்பருக்குள் நிறுவனம் திவாலானது என்றும் சொல்வார்கள். போட்டியாளர்களும் நிர்வாகக் குளறுபடிகளும்தான் முக்கியக் காரணம் என்று பின்னாளில் பலர் வாதிட்டார்கள். அதுவும் நியாயமான வாதமே. எப்படியிருந்தாலும், வணிகப் பாடப்புத்தகங்களில் அந்தத் தவறுக்கு இன்றும் அவர் பெயர்தான். 2003-ல் அவர் கொடைக்கானலில் காலமானார்.

ஆகவே விற்பவர்கள் தங்கள் பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்வது அவர்களுக்கே நல்லது. இன்றைக்குப் பணம் கட்டினால் இன்றைக்கே பயன்படுத்தலாம் என்பது ஒரு நிலை. முன்பதிவு மட்டும் நடக்கிறது என்பது இன்னொன்று. சிலரிடம் சோதனையில் இருக்கிறது, திட்டத்தில் மட்டும் இருக்கிறது என்பவை வேறு. இவற்றை ஒரே வாக்கியத்தில் குழப்பிவிடுவதுதான் கூடாது. “அடுத்த அப்டேட்ல வந்துடும்” என்று வாயால் சொல்வதை ஒப்பந்தத்தில் தேதியோடு எழுதித் தரட்டும். எழுதித் தர முடியாததை விற்பனைப் பிரதிநிதியின் வாயிலும் வைக்க வேண்டாம். பாவம், மாத இலக்கு எட்டாவிட்டால் வேலை போய்விடும் என்ற பயத்தில் பேசும் இளைஞர்கள் அவர்கள். பொய்யின் பாரத்தை நிறுவனம் அவர்கள் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

‘தமிழிலும் கிடைக்கும்’ என்ற வாக்குறுதியைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. மெனுவைத் தமிழாக்கிவிட்டால் மென்பொருள் தமிழாகிவிடாது. கூட்டுறவுச் சங்க உறுப்பினரின் பெயரைத் தமிழில் பதிய முடிகிறதா, தமிழில் தேடினால் கிடைக்கிறதா, அகர வரிசைப்படி நிற்கிறதா, ரசீது அச்சாகும்போது கொம்பும் காலும் இடம் மாறாமல் வருகிறதா, நெல்லைக்காரர் பேசினால் புரிந்துகொள்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதில் வேண்டும். வாங்குபவர்கள் டெமோவின்போதே தங்கள் ஊர்ப் பெயர்கள் பத்தை அடித்துப் பார்க்க வேண்டும்.

‘இன்னும் இரண்டே இடங்கள்தான் பாக்கி’, ‘இந்த விலை இன்று இரவு வரை’ என்ற அவசரப்படுத்தலும் கிடைப்பு பற்றிய தகவலில்தான் சேரும். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளின் பட்டியலில் முதலில் நிற்பது இந்தப் போலி அவசரம். போதிய இருப்பு இல்லாமல் ஆசை காட்டும் விளம்பரத்தை 2022 நெறிகளே தடுத்திருக்கின்றன. இவற்றைப் பற்றிய புகார்களை 1915 என்ற எண்ணில் சொல்லலாம். நம்மில் எத்தனை பேர் அந்த எண்ணை அழைக்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

நேர்மையாக விற்கும் சிறு நிறுவனங்களின் கஷ்டத்தையும் பார்க்க வேண்டும். கோவையிலும் சென்னையிலும் நல்ல மென்பொருள் எழுதும் பத்துப் பேர் கம்பெனிகள் நிறைய இருக்கின்றன. ‘இந்த வசதி ஆறு மாதம் கழித்துத்தான் வரும்’ என்று உள்ளதைச் சொன்னால், ‘எங்களிடம் இப்போதே இருக்கிறது’ என்று அடித்துப் பேசும் போட்டியாளரிடம் ஆர்டர் போய்விடுகிறது. தனியொருவர் நேர்மையாக இருந்து நஷ்டப்படுவதை எல்லோருக்கும் பொதுவான நெறிமுறையால் மட்டுமே தடுக்க முடியும். மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காம் போன்ற அமைப்புகள் உறுப்பினர்களுக்கு இதை விதியாக்கலாம். வாங்குபவர்கள் பக்கத்தில் கோவைச் சிறுதொழில் சங்கமான கொடிசியாவும் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் இருக்கின்றன. சங்க உறுப்பினர்கள் வாங்கிய மென்பொருள், நிறுவிய தேதி, இன்றும் பயன்படுத்தும் பகுதிகள், நின்றுபோன பகுதிகள் என்ற அளவில் ஒரு பதிவேடு வைத்தால் போதும். அபிப்பிராயம் எழுத வேண்டாம், யாரையும் திட்டவும் வேண்டாம். தேதியும் உண்மையும் மட்டும் இருந்தால் அவதூறு வழக்குக்கு அவ்வளவாகப் பயப்படத் தேவையில்லை.

இதற்கு முதல் அடி எடுத்துவைக்க வேண்டியவர்கள், தங்கள் படம் அந்த வழவழப்பான தாளில் இருப்பவர்கள். அடுத்த ஊரிலிருந்து ஒருவர் போன் போட்டு, “அண்ணே, நீங்க வாங்கினது எப்படி இருக்கு?” என்று கேட்டால், எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று சொல்லிவிடுங்கள். பேசக் கூடாது என்று ஒப்பந்தத்தில் விதி போட்டிருந்தால், அப்படி ஒரு விதி இருக்கிறது என்பதையாவது சொல்லுங்கள். நுகர்வோர் நேர்மையாகக் கருத்துச் சொல்வதைத் தடுக்கும் ஒப்பந்த விதிகள் செல்லாது என்று அமெரிக்கா 2016-லேயே சட்டம் இயற்றியது. இங்கே கையெழுத்துப் போடும் முன் அந்த வரியை அடித்துவிடும் தைரியம் நமக்கு வர வேண்டும்.

பத்திரிகைகள் தங்கள் பங்கைச் செய்தாக வேண்டும். நிறுவனம் அனுப்பிய அறிக்கையை அப்படியே செய்தியாகப் போடுவதை நிறுத்த வேண்டும்; போட்டால் அது யாருடைய அறிக்கை என்று தலைப்புக்கு அருகிலேயே சொல்ல வேண்டும். பணம் வாங்கிப் போட்டால் விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும். தொடக்க விழாவுக்குப் போன நிருபரை ஒரு வருடம் கழித்து அதே இடத்துக்கு மறுபடி அனுப்புங்கள். அங்கே கிடைக்கும் செய்தி முதல் செய்தியை விடப் பயனுள்ளதாக இருக்கும்.

மாநில அரசிடம்தான் மிகப் பெரிய வாய்ப்பு இருக்கிறது. அரசைப் போல் தொழில்நுட்பம் வாங்குகிறவர் வேறு யாருமில்லை. ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கென இந்தியாவிலேயே முதலில் சட்டம் கண்ட மாநிலம் இது. 1998-ல் சட்டம், 2000-ல் விதிகள். இருந்தும் டெண்டரில் முன் அனுபவத்துக்கு ஆதாரமாகக் கேட்பது பணி நிறைவுச் சான்றுதான். ‘திருப்திகரமாக முடித்தார்’ என்று ஒரு துறை அதிகாரி கையெழுத்திடும் அந்தச் சான்று, பொருளை ஒப்படைத்தபோது எழுதப்பட்டது. ஒரு வருடம் கழித்து அந்தக் கணினி தூசி படிந்து கிடக்கலாம். அந்தச் சான்று மட்டும் அடுத்த டெண்டர்களில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒப்படைத்து ஒரு வருடம் ஆனதும் இரண்டாவதாக ஒரு பயன்பாட்டுச் சான்றைத் துறை வழங்கட்டும். இன்று எத்தனை அலுவலகங்களில் பயன்படுகிறது, பழுது ஏற்பட்டால் சராசரியாக எத்தனை நாளில் சரிசெய்தார்கள், ஊழியர்கள் இணையாக வைத்திருந்த பதிவேட்டை நிறுத்திவிட்டார்களா என்ற மூன்று கேள்விகள் போதும். அதை நிரப்ப வேண்டியவர் தலைமைச் செயலகத்தில் இருப்பவர் அல்ல. அந்தக் கருவியோடு நாள்தோறும் மல்லுக்கட்டும் தாலுகா அலுவலக உதவியாளரும் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரும்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, கேட்காமலே வெளியிட வேண்டிய தகவல்களைப் பற்றிப் பேசுகிறது. இந்தச் சான்றுகளையும் அந்த வகையில் துறை இணையதளத்தில் போட்டுவிடலாம். திருப்பூர்க்காரரும் நாகர்கோவில் டாக்டரும் அதைப் பார்த்தே முடிவெடுப்பார்கள். புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. டெண்டர் ஆவணங்களில் ஒரு படிவத்தைச் சேர்த்து நிதித் துறை ஓர் ஆணை பிறப்பித்தால், அடுத்த நிதியாண்டு முதலே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிடலாம்.